நிச்சயதார்த்தத்தில் ஓடிய பந்தி

உலகத்தில் யாரும் எதையும் வெறுங்கையிலிருந்து கண்டுபிடித்ததில்லை. முன்னால் ஒருவர் செய்து வைத்ததை எடுத்துக் கொஞ்சம் திருகி, இன்னொருவர் செய்ததோடு கோத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் சமாச்சாரம். முதன்முதலில் வந்த மோட்டார் கார், குதிரையை அவிழ்த்துவிட்ட குதிரை வண்டியைப் போலத்தான் இருந்தது. அச்சு இயந்திரத்தைத் திராட்சை பிழிகிற மரச்செக்கைப் பார்த்துச் செய்தார்கள் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு கிரைண்டர் என்ன? ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்ததுதானே. குழவி சும்மா நிற்கட்டும், கல் சுற்றட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் மாற்றி யோசித்தார். நம் அம்மாக்களின் தோள்பட்டை பிழைத்தது.

இதை நான் இன்றைக்கும் முழுதாக நம்புகிறேன். ஆனால் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் மட்டும் சொல்வதில்லை. சொன்னால் யாராவது ஒருவர் மெதுவாக "சாம்பார்" என்பார். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சங்கரன்கோவிலில் வீட்டோடு கிடந்த காலம் அது. "பையன் வேலை தேடுதான்" என்று அப்பா வெளியில் சொல்வார். "வேலை வந்து இவனத் தேடணும்" என்று வீட்டுக்குள் சொல்வார். அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். விசைத்தறியில் நெய்கிற நூல் சேலைகளை வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். என் பெயர் சங்கரநாராயணன், அக்கா பெயர் கோமதி. எங்கள் ஊரில் கோயிலைப் பார்த்து இந்த இரண்டு பெயரையும் வைத்துவிட்டு, மேற்கொண்டு யோசிக்காமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. எங்கள் வீட்டிலும் பெயர் வைப்பதில் புதுமை கிடையாது. இருந்த புதுமை எல்லாம் என் தலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

கல்லூரியில் கடைசி வருடம் ஒரு பேராசிரியர் வந்து, "புதுசா யோசிக்கணும்னு உக்காராதீங்க, ஏற்கெனவே இருக்கிறதச் சேர்த்துப் பாருங்க" என்று ஒரு மணி நேரம் பேசினார். மற்றவர்கள் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. (தூங்கியிருக்கலாம்.) வீட்டுக்கு வந்ததும் மிக்சி மோட்டாரையும் தொட்டிலையும் சேர்த்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானாக ஆடும் தொட்டில் செய்தேன். பரிசோதனைக்கு முதலில் ஒரு தலையணையைப் போட்டுப் பார்த்தது கடவுள் செயல். அந்தத் தலையணையை எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்து வந்தோம். அதன்பிறகு பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டாலே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் கோமதி அக்காவுக்குக் குருவிகுளத்தில் மாப்பிள்ளை அமைந்தது.

மாப்பிள்ளை பெயர் செல்வகுமார். பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து அக்காவும் அவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர் நம்பரை 'வாட்டர் கேன்' என்று பதிந்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வாட்டர் கேன் எதற்கு என்று அப்பா கேட்காமல் இருந்தது அவர் பெருந்தன்மை. அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே பயமும் இருந்தது. ஏனென்றால், அதற்கு முன் கூடி வந்த ஒரு சம்பந்தம், வந்தவர்களுக்குச் சர்க்கரை வேணுமா என்று கேட்காமல் காபி கொடுத்ததற்காக முறிந்து போயிருந்தது. இந்த முறையும் ஏதாவது ஆகிவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் அவருடைய பெரியப்பா வேலுச்சாமி மாமா வைத்ததுதான் சட்டம். மானாவாரி நிலமும் ஆடுகளுமாக இருக்கிற பெரிய குடும்பம். அவர் அதிகம் பேசமாட்டார். தோளில் மடித்த வெள்ளைத் துண்டு கலையாது. அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் கல்யாணம், பக்கவாட்டில் ஆட்டினால் அத்தனை பேரும் வேன் ஏறிவிடுவார்கள்.

"மரியாத பாக்குற ஆளுக. பந்தியில ஒரு கொற வந்துரக் கூடாது" என்று அப்பா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரச்சினை என்னவென்றால், பரிமாற ஆள் இல்லை. பெண்ணின் தாய்மாமனும் சித்தப்பாவும் தம்பிமாரும் நின்று, கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதுதான் முறை. எங்கள் மாமாவுக்கு முழங்கால் வலி. சித்தப்பா துபாயில். தம்பி என்று இருப்பவன் நான் ஒருவன். எங்கள் பக்கம் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். அவர் அழைத்துவரும் ஆட்களும் அன்று வேறு முகூர்த்தத்துக்குப் போய்விட்டார்கள்.

"அப்பா, அத எங்கிட்ட விடுங்க" என்றேன்.

"ஒங்கிட்ட விட்டதுல எதுலே முழுசாத் திரும்பி வந்திருக்கு?"

அக்காதான் குறுக்கே வந்தாள். "செய்யட்டும்ப்பா. என் கல்யாணத்துக்கு அவனும் ஏதாவது செய்யணும்லா" என்றாள். அந்த நேரத்தில் அவள் மனம் முழுக்க வாட்டர் கேன் இருந்ததால் வந்த இரக்கம் அது.

நான் ஏற்கெனவே ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தேன். வெளிநாட்டில் ஏதோ ஓர் உணவகம். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு முன்னால் ஒரு பட்டை மெதுவாக ஓடுகிறது. பட்டையில் குட்டிக் குட்டித் தட்டுகள். வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார். பரிமாற ஒருவர்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூளைக்குள் டியூப் லைட் எரிந்தது. (அணையவும் செய்தது. அதை நான் கவனிக்கவில்லை.)

பட்டையை ஒரு பழைய அரிசி ஆலையில் வாங்கினேன். மூட்டை ஏற்றுகிற கெட்டியான ரப்பர் பெல்ட். மோட்டாரைக் கொடுத்தவன் மாரியப்பன். என்னோடு படித்தவன், அவன் வீட்டில் தறிக்கூடம் இருந்தது. தறியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய மோட்டார் ஒன்றை என் கையில் தந்துவிட்டு, "இது ஓடுனா சேல நெய்யும், பந்தியில என்ன நெய்யப் போவுதோ" என்றான். ஆனால் அவனுக்கும் என் அளவுக்கே உற்சாகம் இருந்தது. வேகத்தைக் குறைக்க வழி தேடினோம். எங்கள் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன். பட்டை ஆடி அசைந்து, அம்மன் சப்பரம் வீதி வருவதுபோல நிதானமாக நகர்ந்தது. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் டம்ளர்களை ஓடவிட்டு எடுத்து எடுத்துக் குடித்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நீ பெரிய ஆளா வருவலே" என்றான் மாரியப்பன்.

ஆலைக்காரர் செய்ததில் பாதி, தறிக்காரர் செய்ததில் பாதி, வெளிநாட்டுக்காரர் யோசித்ததில் மீதி. (பாதியும் பாதியும் போக ஏது மீதி என்று அக்கா கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.) ஒவ்வொன்றும் பிறர் சொத்து, சேர்த்தது மட்டும் நான். பேராசிரியர் இருந்தால் அழுதிருப்பார்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தோம். நீளமான மேசையின் நடுவில் பட்டையை விரித்து, இரண்டு பக்கமும் எதிரெதிரே இலை போட ஏற்பாடு. பட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும், பிறகு மேசைக்கு அடியில் திரும்பிவிடும். ஆகவே சமையல்கட்டுப் பக்கம் நின்று மாரியப்பன் பாத்திரங்களை ஏற்ற வேண்டும். மறு முனையில் நான் நின்று இறக்க வேண்டும். இறக்கியதை மாமா நொண்டிக்கொண்டே மாரியப்பனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பரிமாற ஆள் இல்லை என்பதற்காகச் செய்த இயந்திரத்துக்கு மூன்று ஆள் தேவைப்பட்டது. அதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை, முழங்கால் வலித்த மாமாவைத் தவிர.

தவசிப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன தம்பி, நெல்லு காயப் போடவா?" என்றார். சொன்னேன். அவர் சிரித்தபடி அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குள் வாசலில் குருவிகுளத்து வேன் வந்து நின்றுவிட்டது.

நிச்சயப் பத்திரிகை வாசிப்பது சாப்பாட்டுக்கு அப்புறம் என்று ஏற்பாடு. ராகு காலம் முடியவேண்டியிருந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள். வேலுச்சாமி மாமாவைப் பந்தியின் தலைப்பில், மரியாதையான இடத்தில் உட்கார வைத்தோம். அதாவது நான் நின்ற முனையில், எனக்குப் பக்கத்தில்.

சுவிட்சைப் போட்டேன். பட்டை நகர்ந்தது. சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது, அவியல் வந்தது. ஒவ்வொருவரும் கரண்டியை எடுத்துத் தன் இலையில் தானே வைத்துக்கொண்டார்கள். இளவட்டங்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். "மெட்ராஸ்ல கூட இப்பிடிப் பாத்ததில்ல" என்று ஒருவர் சொன்னார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் முகத்தில், இவன் என் பையன்தானோ என்கிற மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. என் வாழ்க்கையிலேயே மிக உயர்ந்த நிமிடம் அது என்று இப்போதும் சொல்வேன். நீளம்தான் போதவில்லை.

பிறகு எல்லாரும் பருப்பைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். வலது கை எச்சிலானது.

சாம்பார் வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. எச்சில் கையால் பொதுக் கரண்டியைத் தொட முடியுமா? இடது கையால் எடுக்கலாம் என்றால், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற நல்ல காரியப் பந்தியில் இடது கையை இலைக்கு மேல் நீட்டுகிறவன் எந்த வீட்டில் வளர்ந்தவன் என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு யாரும் தயாராக இல்லை. சாம்பார் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, பார்த்துவிட்டு, போயிற்று. பின்னாலேயே கூட்டு வந்து போயிற்று. அப்பளம் போயிற்று. இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள் பிசைந்த கையோடு உட்கார்ந்து, கண்ணை மட்டும் பட்டையோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நானும் மாரியப்பனும் பரிசோதனை செய்தபோது குடித்தது தண்ணீர். கை நனையவில்லை. வெளிநாட்டுக்காரரிடமிருந்து பட்டையை எடுத்துக்கொண்ட நான், அவர் கையில் இருந்த குச்சியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அவர் குச்சியால் சாப்பிடுகிறார். எங்கள் ஆட்கள் கையால் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு சின்ன விஷயம் நான்கு வருடப் படிப்பில் எங்குமே வரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். "போதும் போதும்" என்று இவர் இலையைக் கையால் மறைக்க வேண்டும். அவர் விரலிடுக்கு வழியாகவாவது ஊற்ற வேண்டும். இந்த மல்லுக்கட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் விருந்து ஜீரணமாகாது. என் பட்டை யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் கேக்க ஆளு இல்லியா இங்கன?" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது. அப்பாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அவர் ஒரு கரண்டியை எடுத்துவர அடுப்படிக்கு ஓடினார்.

அப்போதுதான் வடைத் தாம்பாளம் வந்தது.

வேலுச்சாமி மாமாவுக்கு உளுந்த வடை என்றால் உயிர் என்பது எங்களுக்குத் தெரியாது. வடை அவர் முன்னால் ஒரு தடவை போனதையும், நான் இறக்கி அனுப்பி மறுபடி வந்ததையும், அவர் எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்தேன். மூன்றாம் முறை வந்தபோது ஃபேன் ரெகுலேட்டர் உயிரை விட்டது. பொசுக்கென்று ஒரு வாசனை வந்தது. அடுத்த நொடி தறி மோட்டார் தன் பிறவி வேகத்துக்குப் போய்விட்டது.

தாம்பாளம் அம்பு மாதிரி வந்தது. வேலுச்சாமி மாமா சட்டென்று எழுந்து இடது கையை நீட்டினார். கைக்கு ஒரு வடை கிடைத்தது. மீதி வடைகள் என் மார்பில் அடித்து உதிர்ந்தன. அதன் பின்னாலேயே சாம்பார் வாளி வந்தது. அது முனையில் நிற்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்த இடத்தில் என்னைத் தலையோடு காலாக நனைத்துவிட்டுத்தான் தரையில் விழுந்தது. மாரியப்பன் பிளக்கைப் பிடுங்கினான்.

வேலுச்சாமி மாமா நின்றுகொண்டிருந்தார்.

இலையில் சோறு இருக்கும்போது சம்பந்தி வீட்டுப் பெரியவர் பாதியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் தம்பி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, அண்ணன் எழுந்ததைப் பார்த்துத் தானும் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். நாற்காலிகள் வரிசையாகப் பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. கடைசியில் மாப்பிள்ளையும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார். அந்த மொத்தப் பந்தியும் எச்சில் கையோடு நின்றது.

மனுஷன் வடைக்காக எழுந்தவர். ஆனால் இத்தனை பேர் தன் பின்னால் எழுந்து நிற்கும்போது, "நான் வடைக்குத்தான் எந்திரிச்சேன், நீங்க உக்காருங்க" என்று எப்படிச் சொல்வார்? இடது கையை மெதுவாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

அப்பா அவர் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "சம்பந்தி, எலைய விட்டு எந்திரிக்கலாமா? சின்னப் பய ஏதோ புத்தி இல்லாமச் செஞ்சுட்டான்."

மாமா பதில் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் எதுவும் இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் தம்பிதான் பேசினார். "அண்ணாச்சி காரணம் இல்லாம எந்திரிக்க மாட்டாக. மனுசனுக்கு மனுசன் வெளம்ப மாட்டாம மிசினக் கொண்டு வெளம்புனா, நாங்க என்ன செய்ய? வேன எடுக்கச் சொல்லுங்கடே."

யாரோ வேன் டிரைவரைக் கூப்பிட வெளியே போனார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலையிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டு தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அக்காவின் வாழ்க்கையை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பில் வேடிக்கை எதுவும் இல்லை. செத்துப்போகலாம் போல இருந்தது.

பெண்ணை அழைக்கும்வரை பெண் வெளியே வரக்கூடாது. ஆனால் பக்கத்து அறையின் திரை விலகியது. கோமதி அக்கா பட்டுச்சேலையோடு விறுவிறுவென்று நடந்து வந்தாள். நேரே வேலுச்சாமி மாமாவிடம் போனாள்.

"நல்ல வேளை மாமா, நீங்க எந்திரிச்சீங்க" என்றாள். "கொதிக்கக் கொதிக்க சாம்பாரு. நீங்க எந்திரிச்சுக் கைய நீட்டித் தடுக்கலன்னா, என் தம்பி மொகம் வெந்துருக்கும்."

மண்டபம் அக்காவைப் பார்த்தது. பிறகு மாமாவைப் பார்த்தது. மாமா அக்காவைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் கடைசியில். "பாத்துக்கிட்டே எப்பிடி உக்காந்திருக்க? பச்சப் பிள்ளைல்லா."

எனக்கு அப்போது மீசை நன்றாகவே முளைத்திருந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. பந்தியில் அத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்ததால் சாம்பார் சுத்தமாக ஆறிப்போயிருந்தது. நான் ஒன்றும் ஆகாமல் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் வந்து, சேலைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அப்போதுதான் எனக்கு வலி ஆரம்பித்தது. "ஐயோ, எரியுதே" என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மா அதை நிஜமென்றே நம்பிவிட்டாள். வெந்த இடத்தில் மாவு பூசினால் குளிர்ச்சி என்று, அடுப்படியில் இருந்த இட்லி மாவை அள்ளிக்கொண்டு வந்து என் கை, கழுத்து, காது எல்லாம் அப்பினாள். ஏற்கெனவே சாம்பார் இருந்த உடம்பில் இட்லி மாவும் சேர்ந்தது. மாரியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். அழுகிறானாக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"வேன எடுக்க வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அப்பா வாசலைப் பார்த்துச் சொன்னார். அண்ணனைப் பற்றி அவர் குரலில் இப்போது ஒரு பெருமை ஏறியிருந்தது. பட்டையைச் சுருட்டி ஓரமாக எறிந்தோம். எல்லாருக்கும் புது இலை போட்டோம். அப்பாவும், முழங்காலை மறந்துவிட்ட மாமாவும், மாரியப்பனும் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். மாப்பிள்ளையே எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார். வேலுச்சாமி மாமாவின் இலைக்கு மட்டும் அக்கா தன் கையால் வடை வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு வைக்கட்டா மாமா?"

"போதும்மா போதும்" என்று அவர் இலையை மறைத்தார். அவள் விரலிடுக்கில் ஒன்றைச் செருகினாள். அவர் தலை மேலும் கீழும் ஆடியது. சாயங்காலத்துக்குள் நிச்சயப் பத்திரிகை வாசித்து, தாம்பூலமும் மாற்றியாயிற்று. நிச்சயதார்த்த ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் காதில் மாவோடு நிற்கிறேன்.

எல்லாரும் போனபின் அக்காவிடம், "நெசமாவே என்னத் தடுக்கத்தான் எந்திரிச்சாரா?" என்று கேட்டேன்.

"போலே. வடைக்கு எந்திரிச்சாரு. தெரைக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தேன். துண்டுல எண்ண ஊறுனது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல." பிறகு அவளே சொன்னாள். "அவரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சிருந்தா எனக்குப் பயமாத்தான் இருந்திருக்கும். வடைக்காக எந்திரிச்ச மனுசன் இருக்குற வீட்டுல பொழச்சுக்கலாம்னு தோணிச்சு."

நான் காதில் காய்ந்திருந்த மாவை உரித்துக்கொண்டே அவள் தைரியத்தை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேலுச்சாமி மாமாவிடமிருந்து அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. கல்யாண விஷயமாக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தார். அந்த பெல்ட்டையும் மோட்டாரையும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாராம். மறுநாள் ஒரு குட்டியானை வண்டி வந்து எடுத்துப்போனது. ஆட்டுக்கொட்டகையில் தீனித் தொட்டியின் நீளத்துக்கு அதைப் பொருத்தி, முறையான ஆளை வைத்து வேகத்தைக் குறைத்து, ஒரு முனையில் தழையைக் கொட்டினால் கடைசி ஆடு வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி மாற்றிவிட்டார். ஆடுகளுக்கு எச்சில் கை, இடது கை என்கிற பிரச்சினை கிடையாது. நான் பார்க்கப் போனபோது அவை தலையைக் குனிந்து, எந்த மனத்தாங்கலும் இல்லாமல் தின்றுகொண்டிருந்தன. வெளிநாட்டுக்காரரை நான் திருகினேன், என்னை வேலுச்சாமி மாமா திருகிவிட்டார். என்னுடையதைவிட அவர் திருகியது உருப்படியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

கல்யாணத்தன்று குருவிகுளத்து ஆட்கள் பந்திக்கு வந்தார்கள். உட்காருவதற்கு முன், முதல் ஆள் மேசையை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிப் பார்த்தார்.

"ஓடுமோ?"

"ஓடாது, உக்காருங்க."

எல்லாரும் சிரித்தார்கள், அடுத்தவரும் அமுக்கினார், அதற்கடுத்தவரும் அமுக்கினார். அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. வளைகாப்பில் அமுக்கினார்கள். காதுகுத்தில் அமுக்கினார்கள். என் கல்யாணம் ராயகிரியில் நடந்தபோது, என் மாமனார் வீட்டுக்காரர்களுக்கும் குருவிகுளத்து ஆட்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க, அந்த மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் மேசையை அமுக்கியது. என் மனைவி இது என்ன சடங்கு என்று என்னைக் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். குருவிகுளத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்கள் யாரும் இப்போது கேட்பதுகூட இல்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்து அவர்களும் மேசையை ஒரு தடவை அமுக்கிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அவள் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். அந்த வகுப்பு டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்க பாப்பா டிபன் பாக்ஸத் தொறக்கதுக்கு முன்னால டெஸ்க்க ரெண்டு கையால அமுக்கி, ஒரு நிமிசம் சும்மா இருக்கா. உங்க வழக்கத்துல அது என்ன வேண்டுதல் மேடம்?" என்று கேட்டாராம்.

"என்னக்கா சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? எங்க குடும்ப வழக்கம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். பிள்ளைகள் கையைக் காலை ஆட்டாமல் ஒரு நிமிடம் அடங்கி இருக்கிறார்கள் என்று, இப்போது மொத்த வகுப்பையும் சாப்பாட்டு மணி அடித்ததும் டெஸ்க்கை அமுக்கச் சொல்கிறாராம். அடுத்த வகுப்பு டீச்சரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நான் செய்தவற்றில் இன்றைக்கு வரைக்கும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.